பம்பு ஒப்பீட்டுக் குழுவின் ஐந்தாவது உறுப்பினர்

அந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் வைக்கிற பம்பை அதுவரை ஒருத்தருக்கும் வைத்ததில்லை. ஆனால் எந்தப் பம்பை வைத்தால் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு குழு ஒன்பது வருடமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, குறைவில்லாத குழு. மூன்றாம் மாடியில் ஏ.சி. அறை, வாசலில் பித்தளைப் பலகை, பூட்டுப் போட்ட இரண்டு பீரோ, நீள மேசை, மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி. வருடம் ஒருமுறை உறுப்பினர்கள் கோட்டு போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்கள் ஒன்பதும் நடைவழிச் சுவரில் வரிசையாகத் தொங்கின. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துத் தெம்படைய வேண்டும் என்பது ஏற்பாடு.

மோட்டார்க்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பாவம், வேறு எங்கே போயிருப்பார்?

சந்தைத் தெரு முனையில் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் கடை. கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், எது எரிந்து போனாலும் அவரிடம் வரும். பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார், பேரிங் மாற்றுவார், வார்னிஷ் தடவிக் காய வைப்பார். முப்பது வருடத்தில் அவர் கை நகங்களுக்கு வார்னிஷ் நிறமே வந்துவிட்டது.

மனைவிக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒலிபெருக்கியில் எந்தப் பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இருபத்தொரு வருடம் சொன்னவள். அவள் சொன்னால்தான் பஸ்ஸே நகரும் என்று நினைத்த பிரயாணிகள்கூட உண்டு. ஒருநாள் ‘ஏழாம் எண்’ என்று ஆரம்பித்தவளுக்கு ‘நடைமேடை’ வரை மூச்சுப் போதவில்லை. நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். அதற்குள் பஸ் போய்விட்டது. அன்று சாயங்காலம் செருப்பு காலில் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணை மூன்றை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் இதயத்தை அறுத்து வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நடந்துகொண்டே பிஸ்கட் தின்கிற ஆள். மோட்டார்க்காரரை உட்கார வைத்து எதையும் மறைக்காமல் சொன்னாள்.

“உங்க வீட்டம்மாவுக்கு இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சு. மாத்திரையால இனி தாங்காது. உள்ள ஒரு பம்பு வைக்கணும். வச்சா பல வருஷம் நல்லா இருக்கலாம். வைக்காட்டி நாலஞ்சு மாசம்.”

பம்பு என்றதும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தெரிந்த சமாச்சாரம் ஆயிற்றே.

“என்ன பம்பும்மா?”

“மூணு வகை இருக்கு. முதல் வகை பழசு. ஒரு பையைத் தட்டு ஒண்ணு அமுக்கும், விடும். நிஜ இதயம் மாதிரியே துடிக்கும். ஆனா பெரிசு, சத்தம் போடும், வால்வு சீக்கிரம் தேஞ்சுடும். ரெண்டாவது சின்னது. உள்ள ஒரு திருகு நிக்காம சுத்தும். ரத்தம் விட்டு விட்டுப் போகாது, குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீரா ஓடும். மூணாவதும் அப்படித்தான். ஆனா அதுல சுத்துற சக்கரம் எதையும் தொடாது. காந்தம் அந்தரத்துல தூக்கி வச்சிருக்கும்.”

“பேரிங்கே கிடையாதா?”

“கிடையாது.”

“அப்ப உரசாது. உரசலைன்னா தேயாது, சூடாகாது, உள்ள கசடு கட்டாது.”

“ரத்தம் உறையறது குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வயித்து வழியா ஒரு ஒயர் வெளிய வரும். இடுப்புல பேட்டரி கட்டிக்கணும். ஒயர் வர்ற இடத்தைச் சுத்தமா வச்சுக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆயுசுக்கும் போடணும்.”

“ஒயரு, பேட்டரியெல்லாம் நான் பாத்துக்கறேன்மா. அது என் தொழிலு. மூணாவதையே வச்சிடுங்க.”

ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா தரையைப் பார்த்தாள்.

“எனக்கும் அதான் தோணுது. முதல் வகையை இப்ப யாரும் தயாரிக்கறதே இல்ல. மூணாவது வகை நம்ம ஸ்டோர்லயே ரெண்டு பெட்டி இருக்கு.”

“அப்புறம் என்னம்மா?”

“குழு ஒப்பிட்டு முடிவு பண்ணணும். வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கும் அவங்க கையெழுத்துதான்.”

“குழுவுல நீங்க இருப்பீங்கல்ல?”

“இல்லைங்க. எனக்கு அதை வைக்கத் தெரியும். தெரிஞ்சவங்க இருந்தா ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவாங்களாம்.”

அடுத்த வாரம் அவரைக் குழுவின் முன் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்த நகங்கள், இந்தக் கோலத்தில் போய் நின்றார்.

மேசையின் தலைமாட்டில் தலைவர். நாற்பது வருடம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர். வலப்பக்கம் சட்ட ஆலோசகர். இடப்பக்கம் தலைமை நர்ஸ். நோயாளியைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது பதிவேடுகள் மட்டும். கோடியில் செயலாளர், நோட்டுப் புத்தகமும் நான்கு நிறப் பேனாவுமாக. ஐந்தாவது நாற்காலி காலி.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

“நாங்க அவசரப்படறவங்க இல்லைங்க. ஒன்பது வருஷத்துல இந்தக் குழு ஒரு தப்பான பம்பைக்கூட யாருக்கும் வச்சதில்ல.”

“ரொம்ப சந்தோஷங்க ஐயா. சரியான பம்பு எத்தனை வச்சீங்க?”

அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செயலாளரின் பேனா நின்றது. தலைவர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார்.

“அந்தக் கேள்வி குழுவோட வரம்புக்குள்ள வராது,” என்றார் சட்ட ஆலோசகர்.

அப்புறம் ஒப்பீட்டு அட்டவணையை விரித்தார்கள். மேசையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது. நூற்றுப் பதினான்கு இனங்கள். எடை, நீளம், சத்தம், நிறம், பெட்டியின் நிறம், பெட்டியைத் திறக்க ஆகும் நேரம். முதல் வகைக்கான பத்திகள் முழுக்கக் காலியாக இருந்தன.

“முதல் வகையை யாரும் செய்யறதே இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்களே?”

“செய்யலைங்கறதுக்காக அதுக்கு நியாயமான வாய்ப்பை மறுக்க முடியுமா?” என்றார் தலைவர். “மூணு இல்லாம ஒப்பீடு கிடையாது. கம்பெனிக்கு எழுதியிருக்கோம். கடிதம் திரும்பி வந்துடுச்சு. அந்த விலாசத்துல யாரும் இல்லையாம். பதிலை எதிர்பார்க்கிறோம்.”

தலை சுற்றியது மோட்டார்க்காரருக்கு. ஆனாலும் தொழில் சும்மா இருக்க விடுமா? உரசுகிற சக்கரத்துக்கும் உரசாத சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மேசை மேலிருந்த பேனா மூடியைச் சுழற்றிக் காட்டி விளக்கினார். நால்வரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒன்பது வருடத்தில் பம்பு எப்படி வேலை செய்யும் என்று அந்த அறையில் ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். “இவரைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம்! பொதுமக்கள் பிரதிநிதி இடம் நாலு வருஷமா காலி. அஞ்சு பேர் இல்லாம எந்த முடிவும் செல்லாது. என்னய்யா சொல்றீங்க?”

மோட்டார்க்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. உள்ளே நாமே உட்கார்ந்தால் காரியம் மளமளவென்று நடக்குமே! நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். கடையில் கம்பிச் சுருள் வந்து இறங்கினால் டெலிவரிச் சீட்டில் எப்படிப் போடுவாரோ அப்படி, படிக்காமல் போட்டார். சட்டையில் ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவி அட்டையைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னங்க இது, வைத்தியத்துக்குப் போன இடத்துல உத்தியோகம் வாங்கிட்டு வந்திருக்கீங்க!”

அவள் அண்ணன், வேன் ஓட்டுகிறவர், வாசலிலிருந்தே கைதட்டினார். “மாப்ளே, இனிமே உன்னைப் பாக்க டோக்கன் வாங்கணுமா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் செயலாளர் அவள் கோப்பை மேசைமேல் வைத்தார். மோட்டார்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்ட ஆலோசகர் கையைத் தூக்கினார்.

“ஒரு சின்ன விஷயம். நோயாளி நம்ம உறுப்பினரோட மனைவி. சொந்த விவகாரம் இருக்கறவர் உள்ள இருக்கும்போது கோப்பைத் திறக்கக் கூடாது. விதி.”

“அவ்வளவுதானே? நான் வெளிய போய் நிக்கறேங்க.”

“நீங்க வெளிய போனா நாலு பேர். அஞ்சு பேர் இல்லாம கோப்பைத் திறக்கக் கூடாது. அதுவும் விதி.”

மோட்டார்க்காரர் மேசை மேலிருந்த ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப நான் விலகிக்கறேன். எழுதித் தர்றேன், இப்பவே.”

“தாராளமா. ஆனா விலகலைக் குழுதான் ஏத்துக்கணும். அது உங்க சொந்த விவகாரம். அதனால நீங்க வெளிய போகணும். போனா நாலு பேர்.”

“நான் கூட்டத்துக்கே வராம இருந்துட்டா?”

“மூணு கூட்டத்துக்கு வராட்டி பதவி தானா போயிடும்,” என்றார் செயலாளர், ஆதரவாக. “ஆனா நீங்க வராட்டி கூட்டமே நடக்காதுங்க. நடக்காத கூட்டத்துக்கு நீங்க வரலைன்னு எப்படி எழுதறது?”

மோட்டார்க்காரர் நால்வர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் விளையாடவில்லை. யாருக்கும் அவர்மேல் கோபமும் இல்லை. தலைவர் அவர் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

“மனசைத் தளரவிடாதீங்க. உங்க மாதிரி நேர்மையான உறுப்பினர் கிடைச்சது குழுவுக்குப் பெருமை.”

கோப்பு பீரோவுக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. மேலே எழுதினாள், அதற்கும் மேலே எழுதினாள். இந்த மாதிரி மனு எல்லாம் ஒப்பீட்டுக் குழுவின் பரிசீலனைக்கு என்று எல்லாக் கடிதமும் குழுவுக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அதை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

ஒருநாள் மோட்டார்க்காரர் ஸ்டோர் அறைக்கே போய்விட்டார். ஸ்டோர்க்காரர் இரக்கப்பட்டுக் கம்பி ஜன்னல் வழியாகக் காட்டினார். மேல் தட்டில் வெள்ளைப் பெட்டி இரண்டு, செருப்புப் பெட்டி அளவில். உறைகூடப் பிரிக்கவில்லை. கம்பி வழியாகக் கையை விட்டால் விரல் நுனி படும். படும்தான், அதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? எத்தனை பம்பைப் பிரித்து மாட்டிய கை அது! இந்த ஒரு பம்பை மாட்ட அந்தக் கைக்குத் தெரியாது. மாட்டத் தெரிந்தவளுக்குத் தொட அனுமதி இல்லை. அவர் அங்கேயே நின்று அழுதார். ஸ்டோர்க்காரர் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்க முடியாத மனுஷன். அவள் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தாள், கையில் மருந்து ஏற்றுகிற ஊசியோடு.

“பயணிகளின் கவனத்திற்கு,” என்றாள் பழைய வேலைக் குரலில். “மூன்றாம் எண் பம்பு... தாமதமாக... வந்துகொண்டிருக்கிறது.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவில்லை.

வந்ததும் அவள் சொன்னாள்: “நீங்க உங்களையே திட்டிக்காதீங்க. நீங்க அந்த நாற்காலியில உக்காரலைன்னாலும் அங்க நாலு பேர்தான் இருந்திருப்பாங்க. என் கோப்பு அப்பவும் திறந்திருக்காது.”

“நான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும்டி.”

“நீங்க எதைப் படிச்சுப் போட்டிருக்கீங்க, நம்ம கல்யாணப் பதிவு உட்பட?” என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு ஆனது.

மூன்றாவது கூட்டம். அவள் கோப்பைத் திறக்க முடியாது, ஆனால் குழு சும்மாவும் இருக்க முடியாது. தலைமை நர்ஸ் ஒரு பொதுப் பிரச்சினையைக் கிளப்பினார்.

“ரெண்டாவது, மூணாவது வகை வச்சவங்களுக்குக் கையில நாடி பெரும்பாலும் தட்டுப்படாதாம். ரத்தம் சீரா ஓடிக்கிட்டே இருக்குதாம். என் நோட்டுல மணிக்கொரு தரம் நாடி எழுதற கட்டம் இருக்கு. அங்க நான் என்ன எழுதறது?”

“சைபர்னு எழுதுங்க,” என்றார் செயலாளர்.

“சைபர்னு எழுதினா விதிப்படி நேரத்தைக் குறிச்சு, வீட்டாருக்குச் சொல்லி, படுக்கையைக் காலி பண்ணணும். ஆள் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பார். என் நோட்டுல செத்துப் போயிருப்பார். நான் எதை நம்பறது?”

“நோட்டைத்தான் நம்பணும்,” என்றார் தலைவர். “ஆளுங்க வருவாங்க, போவாங்க.”

சட்ட ஆலோசகருக்கும் ஒரு கவலை. நாடி இல்லாதவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? போட்டது அவரா, அவருடைய வாரிசா?

“அதனாலதான் சொல்றேன்,” என்று தலைவர் மேசையைத் தட்டினார். “முதல் வகையை விட்டுக்கொடுக்கவே கூடாது. அது துடிக்குது. பழசோ, பெரிசோ, யாரும் செய்யலையோ, அது நம்ம கட்டத்துக்குள்ள அடங்குது. மனுஷனைக் காப்பாத்தறது சுலபம் ஐயா. கட்டத்தைக் காப்பாத்தறதுதான் கஷ்டம்.”

மோட்டார்க்காரர் வாயைத் திறந்தார். “ஐயா, கட்டத்தை மாத்திக்கலாமே. ‘பம்பு ஓடுது, ஆள் பேசறார்’னு எழுதற மாதிரி ஒரு கட்டம்.”

அறை பதறிவிட்டது. கட்டத்தை மாற்றுவதா! அந்த யோசனையை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவுக்கு மூன்று பேர் வேண்டும். பொதுமக்கள் பிரதிநிதி அதிலும் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். இருந்தார். வேறு என்ன செய்வார்? நால்வரிடமும் நல்ல பேர் வாங்கி வைத்தால் என்றைக்காவது ஒருநாள் மனது வைக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. தலைவரின் வீட்டு மோட்டாரைக்கூடச் சும்மா சரிபண்ணிக் கொடுத்தார். அது இப்போதும் நன்றாக ஓடுகிறது.

நான்காவது கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. காலையிலேயே அவளுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“இன்னிக்குப் போகலை,” என்றார்.

“போங்க. என்னிக்காவது ஒருநாள்... புத்தி வராதா அவங்களுக்கு? நீங்க இல்லாத நாளா பாத்து... வந்து தொலைச்சா?”

அண்ணனும் போகச் சொன்னார். “நான் இருக்கேன் மாப்ளே. போய்க் கால்ல விழுந்தாவது கேட்டுட்டு வா.”

போனார். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்பது முதல் பொருள். ‘ஆராயும்’ என்று எழுதுவதா ‘பரிசீலிக்கும்’ என்று எழுதுவதா என்று இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து நின்று, “ஐயா, ஒரு வார்த்தை,” என்றார். வரிசைப்படி வரட்டும் என்று உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தார். அப்போது கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தாள்.

“உறுப்பினர் அல்லாதவங்க உள்ள வரக் கூடாது,” என்றார் தலைவர்.

அவள் தலைவரைப் பார்க்கவே இல்லை. “வாங்க,” என்றாள் மோட்டார்க்காரரிடம். “சீக்கிரம் வாங்க.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்று சட்ட ஆலோசகர் பதறினார். “நீங்க எழுந்து போனா கூட்டம் செல்லாமப் போயிடும்.”

“செல்லாமப் போகட்டும்யா!” என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து அந்த அறை அப்போதுதான் கேட்டது.

மூன்று மாடியும் படியில் ஓடினார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“இப்பத்தான் மாப்ளே. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.”

“ஏதாவது சொன்னாளா?”

“உன்னைத்தான் கேட்டா. ‘கூட்டம் முடிஞ்சுதா’ன்னு கேட்டா.”

அவர் அவள் முகத்தில் முகத்தை வைத்துக் கதறினார். வார்டு முழுக்கக் கேட்டது. நோயாளிகள் எல்லாரும் அழுதார்கள். மேலே செயலாளர் குறிப்பு எழுதினார்: ‘போதிய உறுப்பினர் இன்மையால் கூட்டம் 11.24 மணிக்குக் கலைந்தது.’

ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. குழுவின் முத்திரையோடு ஒரே கடிதம்; முதல் பத்தி இரங்கல், இரண்டாவது பத்தி வாழ்த்து. ‘தங்கள் மனைவியாரின் மறைவால் தங்களுக்கு இருந்துவந்த சட்டத் தடை முழுவதுமாக நீங்கியுள்ளது. இனி எல்லாக் கோப்புகளிலும் தாங்கள் தடையின்றி வாக்களிக்கலாம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வரவும்.’

அண்ணன் அதை வாங்கிப் படித்தார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. “போகாதே மாப்ளே. அந்தப் படியை நீ மிதிக்கவே கூடாது,” என்றார் கடைசியாக.

“போகலை மச்சான்.”

நிஜமாகவே போவதாக இல்லை. கடையைத் திறப்பார், ஒரு மோட்டாரைப் பிரிப்பார், பிரித்தது எதற்கு என்று மறந்துபோய் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா போன் பண்ணினாள். நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஒரு வாத்தியார் வந்திருக்கார். முப்பத்தெட்டு வயசு. அதே கதை. மாத்திரை தாங்கலை. நீங்க வந்தா அஞ்சு பேர். உங்ககிட்ட நான் இதைக் கேக்கக் கூடாது. ஆனா கேக்கறேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாம் மாடிப் படியில் ஏறினார்.

வாசலில், அந்த ஒன்பது படங்களுக்குக் கீழே, ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரின் மனைவி. அவர் சட்டையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அண்ணே, நீங்க குழுவுல இருக்கீங்களா? மூணு வகை சொல்றாங்க. எது நல்லதுண்ணே?”

ஆறு மாதமாக அதையே பேசியவர் அவர். எடை தெரியும், நீளம் தெரியும், பெட்டியின் நிறம்கூடத் தெரியும்.

“இன்னிக்கு வைக்கறது எதுவோ அதும்மா,” என்றார்.

உள்ளே எல்லாரும் எழுந்து நின்று அவரை வரவேற்றார்கள். ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து முடிந்தது என்றார். வாத்தியாரின் கோப்பு வந்தது. மோட்டார்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நூற்றுப் பதினான்கு இனங்களையும் இனி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், முதல் வகைக் கம்பெனிக்கு மறுபடி எழுதுவார்கள், இந்த வாத்தியார் எத்தனை கூட்டம் தாங்குவார் என்று மனதுக்குள் எண்ணினார்.

“புதுசா ஒப்பிட வேண்டியதில்லைங்க,” என்றார் செயலாளர். “ஏற்கெனவே தயாரான ஒப்பீட்டறிக்கை ஒண்ணு இருக்கு. அதையே எடுத்துக்கலாம்.”

பீரோவைத் திறந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கோப்பு. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்திருந்தது: ‘மூன்று வகைகளையும் ஒப்பிட்டதில் மூன்றாம் வகையே உகந்தது.’ அதன் கீழே தேதி. அவள் கோப்பு குழுவுக்கு வந்த ஆறாவது நாள்.

“இது அப்பவே...” என்றார் மோட்டார்க்காரர்.

“அப்பவே தயார். நாங்க எதையும் தாமதிக்கறதில்லை,” என்றார் தலைவர், பெருமையாக. “ஓட்டுதான் பாக்கி இருந்துச்சு. எங்க, கையைத் தூக்குங்க?”

ஐந்து கை உயர்ந்தது. நாடிக் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துணைக்குழுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் வகைக்கு நியாயமான வாய்ப்பு மறுக்கப்பட்டதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் குழு எடுத்த முதல் முடிவு. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாருங்க, அஞ்சு பேர் முழுசா இருந்தா நம்ம முறை எவ்வளவு வேகமா வேலை செய்யுது!”

“ஒரு சின்ன வேலை பாக்கி,” என்றார் செயலாளர். முதல் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். “நோயாளி பேரை மட்டும் மாத்தணும். பழைய பேரை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். அடித்தல் திருத்தத்துக்குப் பொதுமக்கள் பிரதிநிதிதான் சாட்சி. விதி.”

வாத்தியாருக்கு அன்று சாயங்காலமே பம்பு வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார், இப்போது இடுப்பில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு கணக்குப் பாடம் நடத்துகிறார் என்று கேள்வி. அந்தக் கூட்டம் பதினோரு நிமிடத்தில் முடிந்ததாகக் குறிப்பில் இருக்கிறது. அதில் ஏழு நிமிடம், மோட்டார்க்காரர் பேனாவை வைத்து அவள் பெயரின்மேல் ஒரு கோடு போட ஆனது.